கடனுக்குக் காட்டலாம், அதுக்காக ஊருக்கே காட்டணுமா?

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வடை வாங்கினேன். கட்டிக் கொடுத்த பேப்பரைப் பிரிச்சுப் பார்த்தா, யாரோ ஒருத்தரோட பயிர்க்கடன் விண்ணப்ப ஜெராக்ஸ்.

ஆதார் நம்பர் இருக்கு. பான் நம்பர் இருக்கு. சர்வே நம்பர், பாஸ்புக் முதல் பக்கம், நாமினியாப் போட்ட பொண்ணோட பேரு, எல்லாம் இருக்கு. எண்ணெய் பட்டும் கணக்கு நம்பர் பளிச்சுனு தெரியுது.

எனக்கு வடை இறங்கல.

கடைக்காரர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்லைங்க. அவர் பழைய பேப்பரை எடைக்கு வாங்குறவர், அதுல என்ன எழுதியிருக்குன்னு அவர் ஏன் பாக்கணும்? மல்லாட்டை போட ஒரு சின்னக் கடன் கேக்குற மனுஷன், தன் வீட்டுக் கதை மொத்தத்தையும் இத்தனை கை மாத்திக் கொடுக்க வேண்டியிருக்கே, என் கோபம் அதுமேல.

நான் இருக்கிறது தொண்டூர். வீட்டுல உக்காந்தே மென்பொருள் எழுதுற வேலை. அதனால ஊர்ல யாருக்குச் சிட்டா வேணும்னாலும், அடங்கல் வரலேன்னாலும் "தம்பி, கொஞ்சம் பாரேன்"னு வந்துடுவாங்க. இந்த வடைப் பேப்பர் கதையைத் தெருக்கோடி பெரியப்பா ஒருத்தர்கிட்ட சொன்னேன். அவர் கேட்டதை அப்படியே எழுதுறேன்:

"ஏன் தம்பி, பேங்குக்காரனுக்குத் தெரிய வேண்டியது நாலே விஷயம். நெலம் எம்பேர்ல இருக்கா, பயிர் வச்சிருக்கேனா, வேற எங்கனா கடன் பாக்கி இருக்கா, கட்டுற அளவுக்கு வருமானம் வருமா. நாலுக்கும் ஆமா, இல்லேன்னு சொன்னா முடிஞ்சுது. அதுக்கு எதுக்குய்யா எங்க வீட்டு பீரோவையே தொறந்து காட்டணும்?"

இந்த ஒரு கேள்விக்காகத்தான் உலகத்துல பெரிய பெரிய ஆளுங்க வருஷக் கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க. (பெரியப்பாகிட்ட இதைச் சொன்னேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்.)

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

என் வேலைக்காரச் சிநேகிதங்க நிறைய பேர் சொல்றது: "எல்லாத்தையும் பிளாக்செயின்ல ஏத்திட்டா தீந்துது." நான் ஒத்துக்க மாட்டேன். எங்க ஊர்ப் பாறையில சமணத் துறவிங்களுக்காக வெட்டின கல்படுக்கை இருக்கு, அங்க தமிழி எழுத்துல ஒரு கல்வெட்டும் இருக்கு. யார் செஞ்சு கொடுத்தாங்கங்கிற சேதி அது. மோசின்னு ஒரு பேரு வருது. பக்கத்து ஊரு அகலூர் பேரும் வருது. ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் அழியல. பிளாக்செயினும் இந்தக் கல்வெட்டு மாதிரிதான். போறவங்க வர்றவங்க எல்லாரும் படிக்கலாம், யாரும் அழிக்க முடியாது. செஞ்ச தர்மத்தைப் பாறையில வெட்டு, அழகா இருக்கு. எங்க வீட்டு நகைக்கடனை ஏன் வெட்டணும்?

"நம்பரை அப்படியே போட மாட்டோம், அதோட ஹேஷைத்தான் போடுவோம்"னு அடுத்த பதில் வரும். ஹேஷுன்னா ஒரு தரவுலேர்ந்து கணக்குப் போட்டு எடுக்கிற கைரேகை மாதிரி. ஆதார் நம்பர் வெறும் 12 இலக்கம். எல்லா சேர்க்கையும் சேத்தாலே லட்சம் கோடிதான். நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு செகண்டுக்குப் பல நூறு கோடி ஹேஷ் போடும். அதாவது சில நிமிஷத்துல உங்க நம்பரைக் கண்டுபிடிச்சுடும். 'உப்பு'ன்னு சொல்ற சீரற்ற எண் எதுவும் சேக்காம ஆதார் நம்பரை மட்டும் ஹேஷ் பண்ணி ஏத்துறது, நம்பரையே ஏத்துறதுக்குச் சமம். இதை விக்க வர்றவங்ககிட்ட தயவுசெஞ்சு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க.

இன்னொரு சிக்கல் வேகம். எத்தீரியம் மாதிரி பிளாக்செயின் சங்கிலியில ஒரு கணக்கு போட்டா, அந்த வலையில கணக்கைச் சரிபாக்குற ஒவ்வொரு கணினியும் அதே கணக்கைத் திரும்பப் போடும். நம்பகமா இருக்கும், ஆனா செலவு எகிறும். பெரிய கணக்கை அதுக்குள்ள போட முடியாது. அதனால கணக்கை வெளியில போட்டு, முடிவை மட்டும் சங்கிலிக்குக் கொண்டு வரலாம்னு யோசிச்சாங்க. பரவலாக்கப்பட்ட கிளவுடுன்னு சொல்றது இதைத்தான். ஒரே கம்பெனியோட சர்வர்ல ஓட்டாம, எங்கெங்கேயோ இருக்கிற கணினிகளை வாடகைக்கு எடுத்து ஓட்டுறது.

இதுக்கு முன்னோடி கிரிப்டோ காலத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. 1999-ல ஆரம்பிச்ச செட்டி அட் ஹோம் திட்டத்துல, உலகம் முழுக்க ஜனங்க தங்களோட கம்ப்யூட்டர் சும்மா இருக்கிற நேரத்தை, வேற்று கிரக சிக்னல் தேடுறதுக்குக் கொடுத்தாங்க. காசு கிடையாது, ஆர்வம்தான். அந்த மாதிரி கணினிகளைச் சேத்து வேலை வாங்குற ஆராய்ச்சியில ஊறின ஜில் ஃபெடாக்னு ஒரு பிரெஞ்சு விஞ்ஞானியும் ஹைவு ஹெங்கிறவரும் சேந்து 2016-ல லியோன் நகரத்துல ஐஎக்ஸெக்னு ஒரு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. 2017 ஏப்ரல்ல ஆர்எல்சிங்கிற டோக்கனை வித்து முதல் திரட்டினாங்க. கோலெம், ஆகாஷ்னு வேற ஆளுங்களும் இருக்காங்க. ஐஎக்ஸெக்கை எடுத்துப் பேசுறதுக்குக் காரணம், நிதிக்கும் அந்தரங்கத்துக்கும்னு தன்னை மாத்திக்கிட்டே வந்தது இதுதான்.

முதல்ல அவங்களுக்கு வந்த கேள்வி: முன்னப்பின்ன தெரியாத ஆளோட கணினி பொய்யான விடை கொடுத்தா? அதுக்கு அவங்க பண்ணின ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரே வேலையைப் பல பேருக்குக் கொடுக்கிறாங்க. ஒவ்வொருத்தரும் முன்பணம் கட்டணும். விடையை நேரா சொல்லாம, முதல்ல அதோட ஹேஷை மட்டும் பதிவு பண்ணணும் (இல்லேன்னா பக்கத்துல இருக்கிறவனைப் பாத்து எழுதிடுவாங்க). எல்லாரும் பதிவு பண்ணின பிறகு விடையைத் திறந்து காட்டணும். ஒத்துப்போனவங்களுக்குக் கூலி, தப்பாச் சொன்னவங்களுக்கு முன்பணம் போச்சு.

அழகு. ஆனா பெரியப்பாவோட கேள்விக்கு இது பதில் இல்ல. விடை சரியா வந்தாலும், அந்த விடைக்காக மார்க்கெட் கமிட்டியில நெல்லு போட்ட சீட்டை, முகம் தெரியாத பத்து பேரோட கணினிக்கு அனுப்பியாச்சே! இது வடைப் பேப்பரை விட மோசம்.

அதனால வந்ததுதான் அந்தரங்கத்துக்கான மேம்பாடு. இன்டெல் கம்பெனி 2015-ல எஸ்ஜிஎக்ஸ்னு ஒரு வசதியைச் சில்லுக்குள்ளயே வச்சுது. மெமரியில ஒரு பகுதியைத் தனியா ஒதுக்கி, மறையாக்கம் பண்ணி வச்சுடும். கணினியோட சொந்தக்காரரே எட்டிப் பாத்தாலும் உள்ளே ஓடுறது தெரியாது. அதோட, "எனக்குள்ள ஓடுறது இந்த நிரல்தான், இதுல யாரும் கை வைக்கல"ன்னு சில்லே கையெழுத்துப் போட்டு ஒரு சான்று கொடுக்கும். அந்தச் சான்று சரியா இருந்தாத்தான் தரவைத் திறக்கிற சாவி அங்க போகும். ஐஎக்ஸெக் இதைத் தன் மேடைக்குள்ள கொண்டு வந்துது. பிறகு இன்டெலோட அடுத்த வசதியான டிடிஎக்ஸுக்கும் போச்சு. அதுல ஒரு நிரல் மட்டும் இல்ல, ஒரு முழு மெய்நிகர் கணினியையே மறைச்சு ஓட்டலாம்.

படிச்சதோட விட மனசு வரல. நானே ஓட்டிப் பாத்தேன். (யாரோட நிஜத் தரவையும் தொடல. விவசாயி பேரு, சீட்டு எல்லாமே நானாக் கற்பனை பண்ணினது.) விற்பனைச் சீட்டுங்களைப் படிச்சு, "வருமானம் போதும்" இல்லேன்னா "போதாது"ன்னு ஒரே வார்த்தை சொல்ற சின்ன நிரல்.

புது லேப்டாப்புல முயற்சி பண்ணினேன், நடக்கல. 11-ஆம் தலைமுறை கோர் சில்லுகள்லேர்ந்து இன்டெல் எஸ்ஜிஎக்ஸ் வசதியையே எடுத்துட்டுது. இப்ப அது ஜியான் மாதிரி பெரிய சர்வர் சில்லுகள்லதான். மூலையில தூசி படிஞ்சு கிடந்த பழைய டெஸ்க்டாப்பைத் தூக்கி வச்சு, பயாஸ்ல தேடி அந்த வசதியைத் தட்டி விட்டேன். அதுல ஒதுக்குற இடம் மொத்தமே 128 எம்பி. நிரலைச் சுருக்கினேன், மறுபடி சுருக்கினேன். பைத்தான்ல எழுதினதைத் தூக்கிப் போட்டுட்டு சி-யில எழுதினேன். நடுவுல கரண்டு போகும். யூபிஎஸ் கூவும். திரும்ப முதல்லேர்ந்து.

ஒரு ராத்திரி ஓடிச்சு.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சான்று சரியா வந்துது, சாவி உள்ள போச்சு, "போதும்"னு ஒரு வார்த்தை வெளியில வந்துது. சீட்டுல இருந்த ஒரு எண்கூட வெளியில வரல. சோதிக்கிறதுக்காக நிரல்ல ஒரே ஒரு எண்ணை மாத்தி மறுபடி ஓட்டினேன். சாவி வரல! ஒரு எண்ணை மாத்தினதுமே "இது நீ சொன்ன நிரல் இல்ல"ன்னு மறுத்துடுச்சு. பெரியப்பா கேட்ட நாலு கேள்விக்கும் இப்படிப் பதில் வாங்க முடியும், இது கனவு இல்லேங்கிறதை என் கண்ணாலயே பாத்துட்டேன்.

அதனாலதான், அடுத்துச் சொல்லப் போறது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது.

இந்தச் சில்லை உடைக்கிற வேலை 2018-லேர்ந்தே நடக்குது. அந்த வருஷம் ஃபோர்ஷேடோன்னு ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சாங்க. இன்டெல் அடைச்சுது. அப்புறம் வேற ஒண்ணு, அதையும் அடைச்சுது. 2022-ல கண்டுபிடிச்ச ஏபிக் லீக் ஓட்டை வழியா என்ன ஆச்சு தெரியுமா? சீக்ரெட் நெட்வொர்க்னு ஒரு சங்கிலி, பரிவர்த்தனைகளை எஸ்ஜிஎக்ஸை நம்பி மறைச்சு வச்சிருந்துது. ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணினியிலேர்ந்து அந்த வலையோட மூலச் சாவியையே எடுத்துட்டாங்க. அந்தச் சாவி இருந்தா, ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நடந்த எல்லா ரகசியப் பரிவர்த்தனையையும் படிக்கலாம். நல்லவங்க கையில கிடைச்சதால முதல்ல அந்தக் குழுவுக்குச் சொல்லி, அடைக்க வச்சு, பிறகு வெளியிட்டாங்க.

கவனிங்க. வங்கி சர்வர்ல ஓட்டைன்னா, அடைச்சுட்டு, பழைய கோப்பை அழிச்சுடலாம். சங்கிலியில பழசு அழியாது. இன்னைக்குப் பூட்டி வச்சது பத்து வருஷம் கழிச்சு உடைஞ்சாலும், இன்னைக்கு வாங்கின கடன் அன்னைக்கு ஊருக்குத் தெரியும்.

2025-ல இன்னும் மோசம். செப்டம்பர் கடைசியிலயும் அக்டோபர்லயும் வரிசையா ஆராய்ச்சிகள் வந்துது. மெமரி கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல ஒரு சின்னப் பலகையைச் சொருகி, எஸ்ஜிஎக்ஸோட பாதுகாப்பை உடைச்சுக் காட்டினாங்க. ஒரு குழுவோட கருவிக்கு ஆன செலவு 50 டாலர். டீ.ஃபெயில்னு பேரு வச்ச இன்னொரு குழு 1,000 டாலருக்குள்ள டிடிஎக்ஸ் ஓடுற புது டிடிஆர்5 மெமரி போட்ட கணினியையே உடைச்சுது. இன்டெலும், இதே மாதிரி சில்லு செய்யுற ஏஎம்டியும் சொன்ன பதில்: கணினியைக் கையில வச்சுக்கிட்டு நடத்துற தாக்குதல் எங்க பாதுகாப்பு எல்லைக்குள்ள வராது.

பெரிய கம்பெனி டேட்டா சென்டருக்கு அந்தப் பதில் ஓரளவு பொருந்தும். வாசல்ல காவல் இருக்கு, கேமரா இருக்கு. ஆனா பரவலாக்கப்பட்ட கிளவுடுல கணினி இருக்கிறதே முகம் தெரியாத ஒருத்தரோட வீட்டுல. ஸ்க்ரூ டிரைவரும் அவர் கையில, நேரமும் அவர் கையில! யாரு வேணா கணினி கொடுக்கலாம்னு இருந்தா அந்தரங்கம் பலவீனமாகுது. அந்தரங்கத்தைக் காப்பாத்தணும்னா காவல் போட்ட சர்வர் கூடத்துக்குப் போகணும், அப்ப பரவலாக்கம் பேச்சளவுல நிக்குது. மூலையில கிடந்த என் பழைய டெஸ்க்டாப்புக்கு அந்த எதிர்காலத்துல இடமே இல்ல. இந்த மேடைகளோட விளம்பரத்துல ரெண்டையும் ஒரே வரியில போடுறாங்க. ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கும்ங்கிறதை அவங்களே சொல்லணும்.

கணிதத்தை மட்டும் நம்புற வழியும் இருக்கு. ரகசியத்தைச் சொல்லாமலே அது தெரியும்னு நிரூபிக்கிற பூஜ்ய அறிவு நிரூபணம் 1985-லேயே கோல்ட்வாசர், மிகாலி, ராக்காஃப் மூணு பேரும் கொடுத்தது. பூட்டின தரவைத் திறக்காமலே எந்தக் கணக்கையும் போடுற முறையை கிரெய்க் ஜென்ட்ரி 2009-ல காட்டினார். ரெண்டும் நாளுக்கு நாள் வேகமாகுது. "வருமானம் இவ்வளவுக்கு மேல"ங்கிற மாதிரி சின்னக் கேள்விக்கு இன்னைக்கே பூஜ்ய அறிவு நிரூபணம் போதும். நான் சாயுறது அந்தப் பக்கம்தான்.

இப்ப மேடையோட நிரலை மேம்படுத்துற விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க பணம் போனது அங்கதான்.

சங்கிலியில ஏத்தின நிரலை மாத்த முடியாதுன்னு சொல்றாங்க இல்ல? நடைமுறையில நிறைய மேடைங்க முன்னாடி ஒரு முகவரியை வச்சு, பின்னாடி நிரலை மாத்திக்கிற மாதிரிதான் கட்டுறாங்க. மாத்துற அதிகாரம் சில சாவிங்க கையில இருக்கும். 2024 ஜூலை 18-ல வாஸிர்எக்ஸ்ங்கிற கிரிப்டோ சந்தையிலேர்ந்து சுமார் 23 கோடி டாலர் போச்சே, எப்படிப் போச்சு? அவங்க பெட்டகத்துலேர்ந்து பணம் எடுக்க ஆறு கையெழுத்துல நாலு வேணும். கையெழுத்துப் போட்டவங்க திரையில தெரிஞ்சது ஒண்ணு, நிஜத்துல அவங்க ஒப்புதல் கொடுத்தது இன்னொண்ணுன்னு அந்த நிறுவனமே சொல்லுச்சு. அந்த ஒப்புதல் பெட்டகத்தோட நிரலையே மாத்திடுச்சு. 2025 பிப்ரவரியில பைபிட்ங்கிற இன்னொரு கிரிப்டோ சந்தையிலேர்ந்து ஏறக்குறைய 150 கோடி டாலர் போனதும் இதே வகை. ரெண்டு இடத்துலயும் கொள்ளை வந்த வாசல், மேம்படுத்துறதுக்காக வச்ச வாசல்.

அந்த வாஸிர்எக்ஸ் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் வந்துது. நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர் தலையிலயும் பங்கு போட்டா என் பங்கு என்ன ஆகும்னு ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போட்டாங்க. 2025 அக்டோபர்ல நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் சொத்துதான், ஒருத்தருக்காக இன்னொருத்தர் நம்பிக்கையில வச்சிருக்கக்கூடிய சொத்துன்னு தீர்ப்பு சொல்லி, அந்த வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பு கொடுத்தார். நல்ல தீர்ப்பு. காசுக்கு இது சரி. வெளியில போன அந்தரங்கத்தை எந்தக் கோர்ட்டும் திரும்ப வாங்கித் தர முடியாதே!

நம்ம பக்கம் என்ன நடக்குதுன்னு கேப்பீங்க. 2022 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி, கிசான் கிரெடிட் கார்டு கடனை முழுக்க டிஜிட்டலாக் கொடுக்கிற சோதனையை மத்தியப் பிரதேசத்துலயும் தமிழ்நாட்டுலயும் சில மாவட்டங்கள்ல ஆரம்பிச்சுது, யூனியன் வங்கியும் ஃபெடரல் வங்கியும் கூட நின்னுது. அது வளந்து, 2024 ஆகஸ்ட்ல யூஎல்ஐங்கிற (யுனிஃபைடு லெண்டிங் இன்டர்ஃபேஸ்) பேரை வாங்குச்சு. நில ஆவணம் நேரா வங்கிக்குப் போகும், விவசாயி ஜெராக்ஸ் தூக்கி அலைய வேணாம். இதை மனசாரப் பாராட்டுறேன். ஆனா அதுலயும் வங்கிக்குப் போறது ஆவணம், பெரியப்பா கேட்ட ஆமா, இல்லை இன்னும் வரல.

2024 செப்டம்பர்ல மத்திய அரசு விஷ்வஸ்யான்னு ஒரு பிளாக்செயின் மேடை கொண்டு வந்துது. புவனேஸ்வர், புனே, ஐதராபாத்னு மூணு ஊர் டேட்டா சென்டர்ல ஓடுது. இடம் மூணு, கை ஒண்ணு. நம்ம மாநில மின் ஆளுமை முகமைகிட்ட நம்பிக்கை இணையம்னு ஒரு பிளாக்செயின் இருக்கு, சான்றிதழுக்கு இ-பெட்டகம் இருக்கு. சான்றிதழ் போலியா இல்லையான்னு பாக்குறதுக்கு இவை நல்ல வேலைதான். நாளைக்கு இதே சங்கிலியில கடனும் வருமானமும் ஏற ஆரம்பிச்சா என்ன பண்ணப் போறோம்? 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல நம்ம தரவை அழிக்கச் சொல்ற உரிமை எழுதியிருக்கு. அழிக்கவே முடியாத இடத்துல ஏத்திட்டு அந்த உரிமையை எங்க போய்க் கேக்குறது? அதனால தனிமனுஷத் தரவு எந்த வடிவத்துலயும் சங்கிலிக்குள்ள போகவே கூடாதுன்னு நான் நினைக்கிறேன். நிரூபணம் மட்டும் போகட்டும்.

இந்த மேடைங்களை நடத்துறவங்ககிட்ட, அரசோ தனியாரோ, ஒரு வேண்டுகோள். நிரலை மாத்துற சாவி யார் யார்கிட்ட இருக்கு, மாத்துறதுக்கு எத்தனை நாள் முன்னாடி ஊரறியச் சொல்வீங்க, சில்லு உடைஞ்சா பழைய தரவு என்ன ஆகும்னு, பெரியப்பா மாதிரி ஆளுங்க படிக்கிற தமிழ்ல எழுதி வெளியிடுங்க. இதைப் படிக்கிறவங்கள்ல யாராவது அந்த இடத்துல வேலை பாத்தா, உள்ளே இருந்தே கேளுங்க.

அதுவரைக்கும் தொண்டூர்ல யாரோட அடங்கலையும் நான் எந்தச் சங்கிலியிலயும் ஏத்திக் கொடுக்க மாட்டேன்.